படி இறங்கினால் தெரியும் ஊர்

பழைய நகரம் ஒன்றைப் பார்க்கப் போனால் ஏறிப் பார்ப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை. குவாத்தமாலாக் காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரமான திக்காலின் நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். 72 மீட்டர் உயரமுள்ள திருவரங்கத்து ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த உச்சிக்குப் போக மரப்படி போட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் உள்ள சீச்சென் இட்சாவிலோ 2006 முதல் பிரமிடில் ஏற அனுமதியில்லை. வந்தவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, படிக்கட்டுக்கு எதிரில் ஒருமுறை கை தட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டினால் கெட்சால் என்ற பறவையின் கூவலைப் போல ஓர் ஒலி திரும்பி வருகிறது. மந்திரம் ஒன்றுமில்லை. கீழ்ப்படியில் பட்ட ஒலி முதலிலும் மேல்படிகளில் பட்டவை அடுத்தடுத்தும் வந்து சேர்கின்றன. மேலே போகப் போக அடுத்தடுத்த எதிரொலிகளுக்கு நடுவிலான இடைவெளி கூடுவதால் ஒலியின் சுருதி இறங்குகிறது. அது நமக்குக் கூவலாகக் கேட்கிறது.

ஏறுவதும் தட்டுவதும் இருக்கட்டும். பழைய ஊரில் கால் வைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இவ்வளவு பேரும் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தார்கள்? கோபுரம் கட்டியவன் என்ன சொல்ல ஆசைப்பட்டான் என்பதைக் கோபுரம் காட்டும். அவன் எப்படிப் பிழைத்தான் என்பது கிணற்றில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் வண்டி ஏறினால், கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர் வரும். அரிசி ஆலைகளின் ஊர். மண்ணச்சநல்லூர்ப் பொன்னி என்று சொன்னால் தமிழ்நாட்டின் எந்த மளிகைக் கடையிலும் தெரியும். இந்த ஊருக்கும் இதைச் சுற்றியுள்ள வயல்களுக்கும் தண்ணீர்க் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்ட ஒன்று. மேற்கே காவிரியில் பிரியும் பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் இந்த வடகரையை நனைத்துக்கொண்டு லால்குடிப் பக்கம் போகின்றன. அதே சாலையில் வடக்கே இன்னும் சுமார் பத்துக் கிலோமீட்டர் போனால் காட்சி மாறுகிறது. நிலம் மேடாகிறது, வயலின் பச்சை மெலிகிறது, வெண்பாறைக் குன்று ஒன்று எழுகிறது. அதன் மேல் கோட்டை போல மதிலெழுப்பிப் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். திருவெள்ளறை. மேலே ஏறிச் சேவித்துவிட்டு வருகிறவர்களில் பலர் ஊரின் தென்பக்கம் இருக்கும் பெருங்கிணற்றைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் அது ஸ்வஸ்திக வடிவம். நடுவில் சதுரமான கிணறு, நான்கு பக்கமும் நான்கு படித்துறை. ஒவ்வொரு துறையும் நேராக இறங்காமல் ஓரிடத்தில் செங்கோணமாக மடிந்து தண்ணீருக்குப் போகிறது. அந்த மடிப்பால், ஒரு துறையில் இறங்குகிறவர் மற்றத் துறைகளில் இறங்குகிறவர் கண்ணில் படுவதில்லை. ஒரே நேரத்தில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் குளித்துவிட்டுப் போகலாம் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையைத் தள்ளிவிட வேண்டாம். கிணற்றடியில் கூடும் கூட்டத்தை நான்காகப் பிரித்துவிடுவது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. இன்னொரு லாபமும் உண்டு. ஆழமான நீருக்கு நேராகப் படி வெட்டினால் நிலத்தை வெகு தூரத்துக்குப் பிளக்க வேண்டும். வழியை மடித்துவிட்டால் அதே ஆழத்தைக் குறுகிய பரப்பில் எட்டிவிடலாம்.

வெட்டியது யார், எப்போது என்பதைக் கல்வெட்டே சொல்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய கி.பி. 800. செய்வித்தவன் கம்பன் அரையன். லால்குடிப் பக்கத்து ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி. மன்னனின் பட்டப்பெயரால் கிணற்றுக்கு மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். இதைக் காக்க வேண்டியவர்கள் இவ்வூர் மூவாயிரத்தெழுநூற்றுவர் என்றும் பொறித்திருக்கிறது. கூடவே ஒரு பாட்டு: வாழ்வு நிலையில்லாதது, மூப்பு வந்து தள்ளுமுன் அறம் செய் என்ற பொருளில். எனக்குப் பாட்டை விட அந்தப் பராமரிப்பு வரிதான் பிடிக்கிறது. வெட்டியவன் பெயர் ஓரிடத்தில், தூர் எடுக்க வேண்டியவர்கள் பெயர் ஓரிடத்தில். நீர்நிலை பற்றி எழுதிவைக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கி.பி. 800 என்ற ஆண்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். கம்பன் அரையனின் ஆட்கள் இங்கே பாறை பெயர்த்துக்கொண்டிருந்த அதே தலைமுறையில், பூமியின் மறுபக்கத்தில் மாயா நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. மாயா அரசர்கள் தங்கள் வெற்றிகளையும் காலக்கணக்கையும் கல்தூண்களில் பொறித்து நிறுத்துவது வழக்கம். கோப்பான் நகரில் கடைசியாகத் தேதியிட்ட கல் 822ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதையும் செதுக்கி முடிக்காமல் விட்டுவிட்டார்கள். திக்காலில் கடைசித் தூண் 869. தோனினாவில் 909. அதற்குப் பிறகு அந்தத் தாழ்நிலப் பகுதியில் அப்படித் தேதி போட்டுத் தூண் நிறுத்துவது நின்றுபோகிறது.

மாயா மக்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்வது மட்டும் தவறு. மாயா மொழிகளைப் பேசுகிற லட்சக்கணக்கானோர் இன்றும் குவாத்தமாலாவிலும் யுகத்தானிலும் வாழ்கிறார்கள். ஓய்ந்தவை தெற்குத் தாழ்நிலத்தின் அரசுகளும் நகரங்களும். போரும், வணிகப் பாதைகள் மாறியதும், அரச குடும்பங்களின் சண்டையும் அதில் உண்டு. ஆனால் தண்ணீரை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. திருச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர் மழை. திக்காலில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அடர்ந்த மழைக்காடு. ஆனாலும் திக்கால் தண்ணீருக்குத் தவித்த ஊர். காரணம் காலடியில் இருக்கிறது. மாயா நிலத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். மழைநீரில் கரைந்திருக்கும் கரிவளி அதை மெல்லிய அமிலமாக்குகிறது, அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரைந்து கரைந்து பாறை முழுக்கத் துளையும் குகையும். பெய்த மழை மேலே ஆறாக ஓடாமல் நேரே உள்ளே போய்விடுகிறது. வடக்கு யுகத்தானில் பெயர் சொல்லும்படி ஓர் ஆறு கிடையாது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் மட்டும் அடியிலுள்ள நீர் வெளியே தெரியும். அந்தக் குழிகளுக்கு செனோத்தே என்று பெயர். சீச்சென் இட்சாவின் புனிதக் குழி சுமார் 60 மீட்டர் அகலம், செங்குத்துச் சுவர், விளிம்பிலிருந்து இருபது மீட்டருக்கும் கீழே பச்சைத் தண்ணீர். 1904 முதல் சில ஆண்டுகள் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் அதில் வாளி விட்டுத் துழாவித் தங்கமும் பச்சைமணிக்கல்லும் மனித எலும்புகளும் எடுத்தார். அது காணிக்கை இடும் குழி. ஊர் குடித்தது ஷ்தோலோக் என்ற இன்னொன்றில்.

யுகத்தானின் வடமேற்கில் இந்தச் செனோத்தேக்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரு பெரிய வளைவு கிடைக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து தோண்டிய சிக்சுலுப் பள்ளத்தின் விளிம்பு அது. டைனோசர்களின் கதையை முடித்துவைத்த அதே கல். பள்ளம் பின்னர் சுண்ணாம்புக்கல்லால் மூடிப்போனாலும், விளிம்பில் பாறை உடைந்திருந்ததால் நீர் அந்த வழியே அரித்தது. அந்தக் கல் விழுந்த காலத்தை ஒட்டி நம் அரியலூர்ப் பக்கம் கடலோரம். கல்லமேட்டில் கிடைக்கும் டைனோசர் எலும்பு அந்தக் கடலோரக் காலத்தின் மிச்சம், கல்லக்குடியில் சிமென்ட் ஆலைக்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் அதற்கும் முந்தைய கடலின் மிச்சம். மண்ணச்சநல்லூரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் யுகத்தானின் தூரத்து உறவுப் பாறையைத் தொட்டுவிடலாம்.

ஆறு இல்லாத ஊர் என்ன செய்யும்? பெய்வதைப் பிடித்து வைக்கும். உஷ்மால் பகுதியில் முற்றத்துக்கு அடியில் ஊறுகாய் ஜாடி போலக் குறுகிய வாயும் அகன்ற வயிறுமாகப் பாறையைக் குடைந்து, உள்ளே சுண்ணச்சாந்து பூசினார்கள். இதற்கு சுல்தூன் என்று பெயர். முற்றத்தையே சரிவாக அமைத்து மழைநீரை வாய்க்குள் விட்டார்கள். திக்காலில் அளவு பெரிது. கோயில்களும் மேடைகளும் சாந்து பூசிய தளங்களும் சேர்ந்து ஒரு செயற்கை நீர்ப்பிடிப்பு. வழிந்த நீர் அடுக்கடுக்காக அமைந்த நீர்த்தேக்கங்களில் சேர்ந்தது. சுற்றுலாப் பயணி படமெடுக்கிற அந்தப் பெரிய சதுக்கம் ஒரு வகையில் கூரைத் தண்ணீர்ச் சேகரிப்பின் கூரை.

2020இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தினர் திக்கால் நீர்த்தேக்கங்களின் அடிமண்ணைச் சோதித்து இரண்டு செய்தி சொன்னார்கள். ஒன்று நல்லது. கோரியென்தால் என்ற தேக்கத்தில் சியோலைட் என்ற கனிமமும் படிக மணலும் கிடைத்தன. சியோலைட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நீரிலுள்ள சில நச்சுகளையும் நுண்ணுயிரிகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். இன்றைய வடிகட்டிகளிலும் பயன்படுகிறது. அந்த மணலுக்கு அவர்கள் சொல்கிற மூலம் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வண்டியும் பொதிமாடும் இல்லாத நாட்டில் மனிதர் தோளில் சுமந்து வந்திருக்க வேண்டும். மற்றது கெட்டது. அரண்மனையையும் கோயிலையும் ஒட்டிய தேக்கங்களில் பாதரசமும், நச்சுப் பாசி இருந்ததற்கான தடயமும். பாதரசம் எங்கிருந்து வந்தது? சுவருக்குப் பூசிய சிவப்பிலிருந்து. மாயாக்கள் விரும்பிய அந்தச் செஞ்சாயம் சிங்குலிகம், அதாவது பாதரச சல்ஃபைடு. மழை ஒவ்வோர் ஆண்டும் அலங்காரத்தைக் கழுவிக் குடிநீரில் சேர்த்தது. அரசனுக்கு மிக அருகில் இருந்த தண்ணீர்தான் மிக மோசமாகக் கெட்டிருந்தது என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

பிறகு மழையே பொய்த்தது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனி அழகு. யுகத்தானில் சிச்சன்கனாப் என்ற ஏரி. வறட்சியில் ஏரி சுண்டும்போது கரைந்திருக்கும் உப்புகள் அடர்த்தியாகி ஜிப்சம் படிகமாகக் கீழே படியும். மழை மீண்டால் மேலே சேறு படியும். 1995இல் டேவிட் ஹோடெலும் உடன் ஆய்ந்தவர்களும் ஏரியடிச் சேற்றைக் குழாய் விட்டு எடுத்துப் பார்த்தபோது, கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்ட அடுக்குகளில் ஜிப்சம் கனத்திருந்தது. ஜிப்சம் உருவாகும்போது அன்றைய ஏரிநீரின் மூலக்கூறுகளைத் தன்னுள் சிறைவைத்துவிடும். ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் அணுவுள்ள நீர் முதலில் பறக்கும், கனமானது தங்கும். சிறைப்பட்ட நீரில் கனமானதன் விகிதத்தை அளந்தால் அன்று எவ்வளவு காய்ந்தது என்று கணக்கிடலாம். 2018இல் கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் எவன்ஸ் அந்தக் கணக்கைப் போட்டார்: வறண்ட காலங்களில் ஆண்டு மழை சுமார் பாதியாகக் குறைந்தது, உச்சத்தில் 70 விழுக்காடு வரை குறைந்தது. சுல்தூனையும் தேக்கத்தையும் நம்பிய ஊருக்கு அது தீர்ப்பு.

சீச்சென் இட்சா போன்ற வடக்கு நகரங்கள் அதன் பிறகும் சில காலம் தாக்குப்பிடித்தன. அங்கே நிலத்தடி நீர் மட்டம் மேற்பரப்புக்குப் பக்கம். செனோத்தேயில் அதை எட்டிவிடலாம். உயரத்தில் இருந்த திக்காலில் எட்ட முடியாது. 2015இல் மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தார், சீச்சென் இட்சாவின் பெரிய பிரமிடே நீர் நிறைந்த ஒரு குழிவுக்கு மேல்தான் அமர்ந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். தோண்டவில்லை. தரையில் மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தி, எங்கே தடை அதிகம், எங்கே குறைவு என்று அளந்தார்கள். ஈரப்பாறை மின்சாரத்தை எளிதில் விடும், காய்ந்த கெட்டிப்பாறை விடாது. நம் ஊர்க்காரருக்கு இந்தக் கருவி புதிதல்ல. போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க வரும் நிலவியலாளர் வயலில் கம்பிகளை ஊன்றி, வயர் இழுத்துச் செய்வது இதே சோதனைதான். பக்கத்து வயலில் வேப்பங்கவட்டையோ தேங்காயோ வைத்துப் பார்க்கிறவரும் இருப்பார். மெக்சிகோக்காரர்கள் தேங்காயை முயன்றதாகத் தெரியவில்லை.

இனி படிகளின் எண்ணிக்கைக்கு வருவோம், ஏனென்றால் வழிகாட்டிகள் உங்களை விடமாட்டார்கள். சீச்சென் இட்சா பிரமிடின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி. மேல்தளத்தையும் சேர்த்தால் 365. ஓராண்டு. 16ஆம் நூற்றாண்டிலேயே பாதிரியார் தியேகோ தெ லாந்தா 91 என்று எழுதிவைத்திருக்கிறார், மாயா ஏடுகளை எரித்த அதே மனிதர். இன்று நாம் பார்க்கும் படிகளில் பல 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்துக் கட்டியவை, அதையும் நினைவில் வைக்க வேண்டும். திருவெள்ளறைக் கோயிலிலும் இதே பேச்சு உண்டு. முதலில் 18 படி கீதையின் அத்தியாயங்கள், அடுத்த 4 வேதங்கள், அடுத்த 5 பஞ்சபூதங்கள். கட்டியவர் எண்ணிக் கட்டினாரா, வந்தவர் எண்ணிப் பொருள் சொன்னாரா என்று படியைப் பார்த்து மட்டும் தீர்க்க முடியாது. எண்ணுக்குப் பொருள் கண்டுபிடிப்பது சுலபம். 18க்குக் கீதை இல்லாவிட்டால் புராணங்கள் இருக்கின்றன.

வாசல் விஷயம் வேறு. அதைச் சோதிக்க முடியும். திருவெள்ளறைச் சந்நிதிக்குப் போக இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். சூரியன் வடக்கே திரும்புவதற்கு ஒரு கதவு, தெற்கே திரும்புவதற்கு ஒரு கதவு. ஆனால் சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். கதவு மாறுவது ஜனவரி நடுவில், 24 நாள் தாமதம். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெதுவாகச் சுழல்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டை அளப்பதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் பருவத்திலிருந்து விலகுகிறது. பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால், பெருங்கிணறு வெட்டிய நாளில் இந்த விலகல் ஒரு வாரம்தான். மாயாக்களின் 365 நாள் ஆண்டில் மிகுநாளே கிடையாது, நான்காண்டுக்கு ஒரு நாள் வழுக்கிக்கொண்டே போகும். அவர்கள் அதைத் திருத்தவில்லை. நாட்களை விட்டுவிடாமல் எண்ணிவைக்கும் நெடுங்கணக்கு ஒன்று தனியாக ஓடியது, பருவத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். நாமும் ஏறக்குறைய அப்படித்தான். தை பிறந்தபின் உத்தராயணம் என்கிறோம், ஆனால் ஆடிப்பட்டத்துக்கு வானத்தைப் பார்க்கிறோம்.

படியை எண்ணியே தீருவேன் என்கிறவர்களுக்குக் கிணற்றுப் படியைச் சொல்வேன். திருச்சி வடக்கின் பாறை சுண்ணாம்பு அல்ல, கருங்கல் வகை. அது நீரைக் குடிக்காது. மேலே சிதைந்து மண்ணாகிக்கொண்டிருக்கும் அடுக்கிலும், அடியில் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர். கொள்ளளவு குறைவு. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீர்மட்டம் சட்டென்று ஏறும், பங்குனி, சித்திரைக்குள் பல மீட்டர் இறங்கிவிடும். மட்டம் நிலையாக இருக்கிற ஊரில் ஒரு துறை போதும். இப்படி ஏறி இறங்குகிற ஊரில் தண்ணீர் எங்கே நின்றாலும் அங்கே போய்ச் சேரும் வழி வேண்டும். படிக்கிணறு அதற்கான விடை. நீர் ஓரடி இறங்கினால் மனிதரும் ஓரடி இறங்கிக் குடத்தை முக்குவார்.

மழை முடிந்த மார்கழியில் ஒருமுறை போய், தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சித்திரைக் கடைசியில் மறுபடி எண்ணுங்கள். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். எண்ணுவதை மேலே நின்றே செய்யலாம். கூடுதலாகத் தெரிந்த படிகளை ஒரு படியின் உயரத்தால் பெருக்கினால், அந்த ஆண்டில் திருவெள்ளறையின் மேல்மட்ட நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்பதற்கு ஓரளவு சரியான விடை கிடைக்கும். ஆவியாகிப் போனது அதில் கொஞ்சம் கலந்திருக்கும். பக்கத்தில் எங்காவது போர் மோட்டார் ஓடினால் அதுவும் கணக்கில் சேரும், கம்பன் அரையன் காலத்தில் இல்லாத கழித்தல் அது. ஆகவே போகும்போது சுற்றியுள்ள தோட்டங்களில் போர் எத்தனை அடி போட்டிருக்கிறார்கள் என்றும் விசாரித்து, எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.